பனி நகரில் எங்கள் முதல் நாட்கள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எங்கள் இருவரையும் அழைத்து, "நார்வே நாட்டில் படித்து வந்தவர்கள் நீங்கள், அங்கே கண்ட அதிசயங்களைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். அதிசயங்கள் பல உண்டு. அவற்றை நீங்கள் படங்களிலேயே பார்த்திருப்பீர்கள். ஆகவே அங்கே போய்ச் சேர்ந்த முதல் இரண்டு வாரங்களில் எங்களுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்லுகிறோம். அதில் எங்களுக்குப் பெருமை அதிகமில்லை. ஆனாலும் நம் பங்குக்குப் பயன்படக்கூடிய செய்தி ஒன்று அதில் உண்டென்று நம்புகிறோம்.

நார்வே என்ற பெயர் நம் கடற்கரைக்குப் புதிதல்ல. 1952 ஆம் ஆண்டில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் விசைப்படகு, ஐஸ் தொழிற்சாலை எனப் பல முயற்சிகள் தொடங்கின. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, மீன்வளப் படிப்பில் ஒரு பருவத்தை அந்நாட்டிலேயே படிக்கும் வாய்ப்பு 2019 ஜனவரியில் கிடைத்தது.

நாங்கள் சென்ற நகரம் ட்ரோம்சோ. குமரிமுனை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 8 பாகையில் இருக்கிறது. ட்ரோம்சோவோ 69 பாகையையும் தாண்டி இருக்கிறது. வடதுருவ வட்டத்துக்கும் வடக்கே, ஒரு தீவின்மேல் அமைந்த நகரம் அது. ஏறத்தாழ 75,000 பேர் வாழ்கிறார்கள். 1968 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அந்த நாளில் அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. (2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோர் கட்டணம் செலுத்தவேண்டும் என்றாகிவிட்டது.) கட்டணம் இல்லாவிட்டாலும், அங்கே தங்கி உண்பதற்குரிய பணத்தை முன்கூட்டியே காட்டினால்தான் விசா. அந்தப் பணத்துக்காக எங்கள் வீடுகளில் எந்தெந்த நகை அடகுக்குப் போயிற்று என்பதை எங்கள் தாய்மார்கள் அறிவார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

விமானம் இறங்கியபோது மணி பிற்பகல் 3. வெளியே நள்ளிரவு போல் இருந்தது. பூமி தன் அச்சில் சாய்ந்து சுழல்வதால், அந்நகரில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் வானம் நீலம் பாரித்து நிற்கும். பிறகு மறுபடியும் இருள். புத்தகத்தில் படித்துத்தான் போயிருந்தோம். படித்து அறிவது வேறு, காலையில் எழுந்து சன்னலைத் திறக்கும்போது இருளே நிற்பது வேறு.

குளிர்தான் கொல்லும் என்று எண்ணியிருந்தோம். அட்லாண்டிக் கடலின் வெந்நீரோட்டம் அந்தக் கரையைத் தொட்டுச் செல்வதால் துறைமுகம் உறைவதில்லை. ஜனவரியிலும் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு நாலைந்து பாகை கீழேதான். ஆனால் இடையிடையே பனி உருகி, மறுபடியும் உறைந்து, தெரு முழுவதும் கண்ணாடித் தளம்போல் ஆகிவிடும். ஊரில் வாங்கிய தோல் காலணியோடு விடுதி வாசலில் இறங்கிய முதல் நாளே இருவரும் விழுந்தோம். மறுநாளும் விழுந்தோம். பேருந்தில் ஒருமுறை ஏற நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்கு மேல். எனவே விழுந்தாலும் நடந்தே போனோம்.

நான்காம் நாள் எங்களில் ஒருவர் எழுந்திருக்கவில்லை. அவர் யாரென்று கேட்காதீர்கள். அன்று அவர், மறுநாள் மற்றவராகவும் இருந்திருக்கலாம். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. திரையை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பாடு வேண்டாம், வகுப்பு வேண்டாம். "நான் ஊருக்குப் போறேன்" என்ற ஒரே சொல்தான். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் எழுந்து, "நல்லா இருக்கோம் அம்மா, பனி ரொம்ப அழகு" என்று சொல்லிவிட்டு மீண்டும் படுப்பார்.

மற்றவர் தனியாக வகுப்புக்குப் போய் வந்தார். அங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். "சார்" என்றால் சிரிக்கிறார்கள். 1938 இல் நார்வேயில் வந்த ஒரு சட்டத்தைப் பற்றி அன்று பாடம் நடந்தது. கரைக்கு வரும் மீனின் முதல் விற்பனையை மீனவர்களுக்கே சொந்தமான விற்பனைச் சங்கங்களின் கையில் கொடுத்த சட்டம் அது. குறைந்தபட்ச விலையை அந்தச் சங்கமே வைக்கும். வட நார்வே மீனவரின் அத்தகைய சங்கத்துக்கு அந்நகரில்தான் தலைமையகம். கடன் கொடுத்தவர் சொன்னதே விலை என்று பார்த்து வளர்ந்த நமக்கு இது எத்தனை பெரிய செய்தி! ஓடிவந்து அதைச் சொன்னபோது, படுத்திருந்தவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்; திரும்பவில்லை. நாம் எதற்காக வந்தோமோ அதுவே அவரை எழுப்பவில்லை என்று கண்டபோதுதான் எங்களுக்கு உண்மையில் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "எழும்புலே மக்கா, பூசைக்காவது வா" என்று இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார் மற்றவர். நகரின் நடுவே இருப்பது நம் அன்னையின் பெயரால் அமைந்த மரக் கோவில். 1861 இல் கட்டப்பட்டது. நம் கோவிலைப் பார்க்கச் சிறியது. ஆயினும் உலகின் வடகோடியில் உள்ள கத்தோலிக்க ஆயர் இருக்கை அதுவே. பின்னாளில் புனிதரான திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1989 ஜூனில் அந்நகருக்கு வந்திருக்கிறார். போலந்து நாட்டவரும் பிலிப்பைன்ஸ் நாட்டவருமாகப் பலர் கூடியிருந்தனர். நாங்கள் கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்தோம்.

பூசை முடிந்து வெளியேறும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "தம்பியவை தமிழோ?"

யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "இந்தச் சப்பாத்தோட நடந்தால் இடுப்பு முறியும்" என்று சொல்லிவிட்டுத் தம் காருக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் இரண்டு சோடி ரப்பர்ப் பட்டைகள். அடியில் இரும்பு முட்கள் பதித்தவை. கோவில் படியிலேயே குனிந்து எங்கள் காலணிமேல் அவரே மாட்டிவிட்டார். "வாத்து நடக்கிற மாதிரி, சின்னச் சின்ன அடியா, பாதம் முழுக்க வைச்சு நடவுங்கோ" என்று நடந்தும் காட்டினார்.

பிறகு காப்பி வாங்கிக் கொடுத்துப் பாடம் நடத்தினார். உடம்போடு ஒட்டிப் பருத்தித் துணி போடக்கூடாது. வியர்வையில் நனைந்து குளிரை வாங்கும், ஆகவே உள்ளே கம்பளி. இருட்டில் வண்டி ஓட்டுவோருக்குத் தெரியும்படி ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையைக் கையில் கட்ட வேண்டும். வெயில் படாத உடம்புக்குத் தினம் ஒரு கரண்டி மீன் ஈரல் எண்ணெய். நண்பகலில் அந்த நீல வெளிச்சம் இருக்கும்போது என்ன வேலை இருந்தாலும் வெளியே வந்து நடக்க வேண்டும்.

கடைசியாக, பேசாமலிருந்தவரைப் பார்த்து, "எத்தினை நாள் வெளியில வரேல்லை?" என்று கேட்டார். நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "எனக்கும் வந்தது தம்பி. இது வருத்தமும் இல்லை, வெக்கமும் இல்லை. கொம்மாவுக்கு உண்மையைச் சொல்லு" என்றார்.

1980களில் ஈழத்து இளைஞர் பலர் நார்வே நாட்டின் தங்கிப் படிக்கும் மக்கள் பள்ளிகளுக்கு மாணவராக வந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். பிறகு இன்னும் வடக்கே மீன் பதனிடும் ஆலையில் பல ஆண்டுகள் வேலை. ஊருக்குத் திரும்ப வழியில்லாத காலம் அது. எங்களுக்கோ ஜூனில் திரும்பும் பயணச்சீட்டு பையில் இருந்தது. அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அன்றிரவு அந்த நண்பர் தம் தாயாரிடம் உண்மையைச் சொன்னார். அந்தத் தாய் அழவில்லை. "பனி அழகுன்னு நீ சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். சாப்பிட்டியா?" என்று கேட்டார்கள்.

ஜனவரி 21 ஐ அந்த ஊரார் சூரியன் திரும்பும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். சூரியன் சில நாள் முன்னரே தொடுவானத்தைத் தொட்டுவிட்டாலும், சுற்றியுள்ள மலைகளைத் தாண்டி நகருக்குத் தெரிவது அப்போதுதான். பிள்ளைகளுக்கு அன்று நடுவில் பழப்பாகு வைத்த பன் கிடைக்கும். நாங்களும் முள் பட்டையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறி நின்றோம். மலை விளிம்பில் ஒரு கீற்றுத்தான். சில நிமிடங்களில் மறைந்துவிட்டது. ஊரில் அந்த வெயிலுக்குப் பயந்து குடை பிடித்தவர்கள் நாங்கள்!

படிப்பை முடித்துப் புறப்படும் முன், "அண்ணன், உங்களுக்கு என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டோம். "அந்த முள்ளைத் திருப்பித் தாங்கோ. ஓகஸ்டில வேற பிள்ளையள் வருவினம்" என்றார். கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்பர்களே, இனி நம் ஊருக்கு வருவோம். நம் துறைமுகத்தில் படகிலும் ஐஸ் ஆலையிலும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தம்பிமார் வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலர் ஞாயிறன்று நம் கோவிலுக்கு வந்து, செருப்பை ஓரமாக விட்டு, கடைசித் தூணருகே நின்றுவிட்டுப் போகிறார்கள். சென்ற ஆண்டு அவர்களில் ஒருவர் காய்ச்சலில் மூன்று நாள் அறையில் கிடந்தார். நான்காம் நாள்தான் நமக்குத் தெரிந்தது. அந்த மூன்று நாட்களும் நாங்கள் இருவரும் அதே ஆலைக்கு ஐஸ் எடுக்கப் போய் வந்தோம். அறைக் கதவு மூடியிருந்ததைப் பார்த்தோம், ஏனென்று கேட்கவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் கிடப்பது என்னவென்று அறிந்த நாங்களே கேட்கவில்லை என்பதைத்தான் இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வந்தோம்.

பொன்விழா நினைவாகக் கொடிமரம் புதுப்பித்தோம், நல்லதுதான். அதோடு இளைஞர் இயக்கத்தினர் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் தூணருகே நிற்பவர்களிடம் போய்ப் பேச வேண்டும். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு வழி, ரேஷன் கடைக்கு வழி, கடல் சீறும் மாதங்களில் எங்கே நிற்கக்கூடாது என்ற எச்சரிக்கை: அவர்களுக்கு வேண்டியவை இவைதாம். பாஷை தெரியாதே என்பீர்கள். எங்கள் காலைப் பார்த்த பெரியவருக்கு முதலில் பாஷை தேவைப்படவில்லை. இந்த ஞாயிறு நாங்கள் இருவரும் தூணருகே நிற்போம். உடன் வர விரும்புவோர் வாருங்கள்.