மகேந்திரனின் நாடகமும் செஞ்சிக் கூத்தேடுகளும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த பாறைக் கோயில், தமிழகக் கட்டடக்கலை வரலாற்றில் ஒரு திருப்புமுனை. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி, பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை எடுப்பித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. அழியும் பொருள்களை விலக்கிக் கல்லை நாடிய அதே மன்னன், கலைகளுள் மிக விரைவில் மறையக்கூடிய நாடகத்திலும் தோய்ந்திருந்தான் என்பதற்கு, அவன் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ சான்று. பிரகசனம் என்பது, துறவிகள் முதலியோரின் போலித்தனத்தை எள்ளி நகைக்கும் நாடக வகை. காஞ்சிபுரத் தெருக்களில் நிகழும் அந்நாடகத்தில், காபாலிகனாகிய சைவத் துறவி ஒருவன் தன் மண்டையோட்டுக் கலத்தைத் தொலைத்துவிட்டு, அதைத் திருடியவர் ஒரு பௌத்தத் துறவியே என்று வழக்காடுகிறான். கலத்தைக் கவ்விச் சென்றதோ ஒரு நாய்.

கோயில் கல்லில் நின்றது; நாடகம் எவ்வாறு நின்றது என்பதே இங்கு ஆராயத்தக்கது. மாமண்டூர்க் குடைவரையின் சிதைந்த கல்வெட்டில் மத்தவிலாசத்தின் பெயர் காணப்படுகிறதே தவிர, நாடகத்தின் உரையாடல்களைத் தமிழகத்துக் கல் எதுவும் காக்கவில்லை. அவற்றைக் காத்தவை கேரளத்து ஓலைச்சுவடிகள். திருநெல்வேலி மாவட்டத் தருவையில் 1860-இல் பிறந்து, திருவிதாங்கூர் அரசின் சுவடிப் பதிப்புத் துறைக்குத் தலைமை ஏற்ற மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரி, அச்சுவடிகளைக் கொண்டு 1917-இல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் மத்தவிலாசத்தை அச்சேற்றினார். அத்துறையின் சுவடித் தொகுதி பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்து, இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழைக்கலை ஆய்வு நிறுவனச் சுவடி நூலகத்தில் பேணப்படுகிறது.

காஞ்சியில் பிறந்த நாடகம் கேரளத்தில் பிழைத்ததற்குக் காரணம், அங்கே அது ஆடப்பட்டதே ஆகும். கூடியாட்டம் எனப்படும் வடமொழி நாடக மரபின் நடிகர்களான சாக்கியர்கள், வட கேரளக் கோயில்களில் மத்தவிலாசத்தை நேர்த்திக்கடனாக நடத்தி வந்தனர். நாடக உரையோடு வேறு இரு வகைச் சுவடிகளையும் அவர்கள் குடும்பங்கள் வைத்திருந்தன: நடிகன் ஒவ்வொரு சொல்லையும் எவ்வாறு விரித்து அபிநயிக்க வேண்டும் என்று கூறும் ஆட்டப்பிரகாரம் ஒன்று, அணிகலன், மேடைப்பொருள், நிகழ்ச்சி ஒழுங்கு ஆகியவற்றைக் கூறும் கிரமதீபிகை மற்றொன்று. ஓர் அங்கத்தையே பல இரவுகளுக்கு விரித்து ஆடும் அம்மரபில், நூலை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு ஆட்டத்தின் பெரும்பகுதி தெரியாமலே போகும். ஆகவே, நாடக வரலாற்றைக் காப்பது என்றால், நாடக நூலைக் காப்பதோடு, அதை மேடையேற்றியவர்களின் பணிக்குறிப்புகளையும் காப்பது என்றே பொருள்படும்.

இவ்வுண்மையை அயர்லாந்து நாட்டினர் தெளிவாக உணர்ந்திருக்கின்றனர். கவிஞர் யேட்ஸும் கிரிகரி சீமாட்டியும் முன்னின்று 1904-இல் டப்ளினில் திறந்த அபி நாடக அரங்கு, தாகூரின் ‘தபால் நிலைய’த்தை 1913-இல் மேடையேற்றியது, 1951-இல் தீக்கு இரையானது. அவ்வரங்கின் ஆவணங்களைக் கால்வே பல்கலைக்கழக நூலகம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களும் பதிவுகளுமாக மின்னுருவாக்கியது. நடிகர் நுழையும் இடமும் விளக்கு மாறும் நொடியும் ஓரத்தில் குறிக்கப்பட்ட மேடைப்படிகள், அரங்க வரைபடங்கள், சுவரொட்டிகள், கூட்டக் குறிப்பேடுகள் ஆகிய அனைத்தும் அத்தொகுப்பில் அடங்கும்.

தமிழகத்திலும் இத்தகைய அக்கறைக்கு முன்மாதிரி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் சிகாகோ பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கியது. அவற்றை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லாமல், 1994-இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகம் அமையத் துணைநின்றது. பிறர் குப்பை என்று எறிந்த துண்டு அச்சுகளும் வரலாறு என்று அறிந்து சேர்த்த அவரது நோக்கு, நாடக ஆவணப் பணிக்கு அடிப்படையாக வேண்டியது. அந்நோக்கு முன்பே பரவாததன் விளைவை நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் நினைவூட்டுகிறது: 1922-இல் புதுச்சேரியில் மறைந்த அவர் எழுதிய நாடகங்களுள் பல இன்று கிடைக்கவில்லை.

திரௌபதி அம்மன் விழாக்களில் ஆடப்படும், செஞ்சி வட்டாரத்தின் சொத்தான தெருக்கூத்து இவ்வாய்வுக்கு மிக நெருங்கியது. பழைய செஞ்சியாகிய மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலே அவ்வம்மன் வழிபாட்டின் மூலக்கோயில் என்று பல ஊர் மக்கள் நம்புகின்றனர். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இவ்வழிபாடு பற்றி 1988-இல் வெளியிட்ட நூல், செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை எனத் தலைப்பிலேயே இவ்வூரைச் சுமந்தது. விழாக் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழும். பாரதப் போர்க்கள நிகழ்வான படுகளத்தன்று, தரையில் மண்ணால் வடித்த துரியோதனன் உருவத்தின் அருகே, வேடமிட்ட வீமனும் துரியோதனனும் மோத, திரௌபதி கூந்தல் முடித்த பின், மாலையில் தீமிதி நடைபெறும்.

இக்கூத்தின் ஆவணம் எது? கூத்து வாத்தியாரின் ஏட்டில் விருத்தம், தரு, வசனம் என்ற வரிசை இருக்கும். இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் திரைக்கு முன் வந்து கதையைத் தொடங்கிவைக்கும் கட்டியக்காரன், ஊருக்கும் வேளைக்கும் ஏற்ப எடுத்துவிடும் பேச்சு பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இராது. அடவின் கால்வேகமும், முகவீணை குரலோடு இழையும் விதமும் அவ்வாறே. அச்சில் வந்த மலிவுப் பதிப்புகளைச் சேர்ப்பதோடு நின்றுவிடும் நூலகம், கூத்தின் சொற்களில் ஒரு பகுதியை மட்டுமே காத்ததாகும். ஏடு, அதைக் கையாண்ட வாத்தியாரின் விளக்கம், விடிய விடிய நிகழ்ந்த ஆட்டத்தின் ஒலி, ஒளிப் பதிவு, தோள்கட்டை முதலிய மர அணிகலன்களின் படங்களும் அளவுகளும், எந்த ஊரில் எந்த விழாவில் எந்த ஜமா, அதாவது எந்தக் குழு, ஆடியது என்ற குறிப்பு ஆகியவை ஒரே தொகுப்பாகச் சேர்ந்தால்தான், பின்வரும் தலைமுறை அதைக் கொண்டு ஆட இயலும்.

மத்தவிலாசத்தின் பெயரை ஒரு கல்லும், சொற்களைக் கேரளத்து ஓலைகளும், ஆட்டத்தைச் சாக்கியர் உடல்களும் தனித்தனியே காத்தது தற்செயல். அத்தகைய நல்வாய்ப்பு மறுமுறை வாய்க்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இம்மூன்றையும் திட்டமிட்டு ஓரிடத்தில் இணைக்கும் ஆற்றல் பல்கலைக்கழக நூலகத்துக்கு உண்டு. கரையானும் ஈரமும் அணுகாத அறை, பட்டியலிடும் பயிற்சி, நூறாண்டு நிலைக்கும் நிர்வாகம் ஆகியவை தனியார் வீட்டுப் பரணில் கிடைப்பவையல்ல. அதே வேளையில், ஏட்டைக் கொடுக்கும் கூத்துக் குடும்பத்துக்கு அதன் நல்ல படி உடனே திரும்பக் கிடைக்க வேண்டும். பதிவைக் காணவும் பயன்படுத்தவும் அவர்களுக்கே முதல் உரிமை வேண்டும். ஏனெனில், ஆடுவோர் இல்லாத ஆட்டத்தின் ஆவணம் ஆய்வாளருக்கு மட்டுமே உதவும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் செஞ்சிக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. அவற்றின் நூலகங்கள் இவ்வட்டாரத்துக் கூத்து வாத்தியார்களைத் தேடிச் சென்று, மூத்தோர் இருக்கும் காலத்திலேயே, அவர்கள் ஏடுகளை அவர்கள் குரலோடு சேர்த்துப் பதிவு செய்யும் பணியை மேற்கொள்ளுமாயின், அது தமிழ் நாடக வரலாற்றுக்குச் செய்யும் பெருந்தொண்டாக அமையும்.