கூந்தன்குளத்துக்குக் கேமராவோடு



திருநெல்வேலியிலிருந்து தெற்கே மூலைக்கரைப்பட்டி சாலையைப் பிடித்து, வயலும் பனையும் உடைமரங்களும் மாறி மாறி வர, ஏறக்குறைய 35 கிலோமீட்டர் போனால் கூந்தன்குளம் வரும். நாங்குநேரி வட்டத்துச் சிற்றூர். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது நாரைக் குஞ்சுகளின் கத்தல். அடுத்து மூக்கில் ஏறுவது எச்ச வாடை. அண்ணாந்து பார்த்தால் வீட்டுக் கொல்லைப்புறத்து வேப்பமரத்திலும் புளியமரத்திலும் பெரிய பெரிய கூடுகள். கீழே துணி காய்கிறது, ஆடு கட்டியிருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மேலே மஞ்சள் மூக்கு நாரை குடித்தனம் நடத்துகிறது.

நான் பக்கத்து ஊர்க்காரன். வாரமெல்லாம் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் கேமராவுக்கு. பறவைப் படம் எடுக்கிறவர்கள் பல இடங்களில் காட்டுக்குள் மறைப்பு கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். இங்கே அந்தக் கஷ்டம் இல்லை. தெருவில் நின்றபடியே நாரையின் கண்ணில் ஃபோகஸ் வைக்கலாம். சாதாரண லென்ஸ் போதும். அதற்குக் காரணம் நம் திறமை இல்லை, இந்த ஊர்க்காரர்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே யாரும் பறவைமேல் கல் எறிந்ததில்லை. தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சை எடுத்து, மீன் போட்டு வளர்த்துப் பறக்க விடுகிறார்கள். பறவை நிறைய வந்தால் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அதில் நடைமுறை லாபமும் உண்டு. எச்சம் கலந்த குளத்து வண்டலும் தண்ணீரும் வயலுக்கு நல்ல உரம்.

கூந்தன்குளம், காடன்குளம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குளங்கள். வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் இவற்றை நிரப்புகின்றன. 1994-இல் அரசு இந்த இடத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 129 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்ததும் 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் எல்லாம். மழை பொய்த்த வருஷம் பறவையும் வராது.

காலை வெயில் ஏறியதும் ஒரு கூட்டைப் பொறுமையாகப் பாருங்கள். தாய் நாரை வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, இறக்கைகளை அகல விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். கொளுத்தும் வெயிலில் நெடுநேரம் அப்படியே நிற்கும். இரை தேடப் போன இணை திரும்பி வந்து இறங்கியதும் குஞ்சுகள் தலையை ஆட்டி ஆட்டிக் கத்தும். வந்தது தலையைக் குனிந்து, விழுங்கி வந்த மீன்களைக் கூட்டுக்குள் கக்கும். குஞ்சுகள் முண்டியடித்துப் பொறுக்கும். வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது. அலகோடு அலகைத் தட்டிப் படபடவென்று சத்தம் எழுப்பும். இங்கேயே கூடு கட்டும் கூழைக்கடா வீட்டில் சாப்பாட்டு முறை வேறு. அங்கே குஞ்சே தாயின் அலகுப் பைக்குள் தலையை விட்டு மீனை எடுத்துக்கொள்ளும்.

குளக்கரைக்குப் போனால் வேறு உலகம். அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், ஊசிவால் வாத்து எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் இந்த வாத்து, இமயமலையைக் கடந்து நம் குளத்துக்கு வருகிறது. 6,000 மீட்டருக்கு மேலான உயரத்தில்கூடப் பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். இரவில் வயல்வெளியில் மேய்ந்துவிட்டு, விடியும் நேரத்தில் கூட்டமாகக் குளத்துக்குத் திரும்பும். அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது.

கேமரா வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பறக்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் வினாடியில் 2000-இல் ஒரு பங்காவது வேண்டும். நாரை வெள்ளைப் பறவை. பின்னால் கரும்பச்சை இலை. கேமராவின் தானியங்கிக் கணக்கு அந்த இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகு வெளுத்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வையுங்கள். வாலருகே இருக்கும் இளஞ்சிவப்பு இறகுகள் அப்போதுதான் படத்தில் நிற்கும்.

கருவி சரியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்தியக் காட்டுயிர்ப் படக்கலையின் முன்னோடிகளில் ஒருவர் மா. கிருஷ்ணன். 1912-இல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர். வெவ்வேறு பாகங்களை ஒட்டவைத்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவால், கடைசிவரை கறுப்பு வெள்ளையில் எடுத்தார். விலங்கு, பறவைகளின் நடத்தையை வருஷக்கணக்காகக் கவனித்தவர் என்பது அந்தப் படங்களில் தெரியும்.

கருவியைவிட முக்கியம் விலகி நிற்பது. நல்ல கோணம் வேண்டுமென்று கூட்டு மரத்தில் கிளையை ஒடிப்பது, பறக்கிற படத்துக்காகக் கைதட்டிக் கிளப்புவது, இதெல்லாம் சில இடங்களில் நடக்கிறது. தாய் நாரை ஒரு முறை எழுந்து பறந்தால், நிழல் இல்லாமல் குஞ்சு வெயிலில் காயும். அந்த இடைவெளியில் காக்கை முட்டையைக் கொத்திப்போகும். பதறிய குஞ்சு கிளையிலிருந்து விழும். பறவை உங்களையே உற்றுப் பார்த்து, கழுத்தை நீட்டி, கால் மாற்றி நின்றால், நீங்கள் மிக அருகில் போய்விட்டீர்கள் என்று பொருள். இரண்டு எட்டு பின்னால் வாருங்கள். டிரோன் கொண்டுவரவே வேண்டாம். கொல்லைப்புறத்துக்குள் போவதற்கு முன் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மோரும் கொடுத்து, எந்தக் கிளையில் குஞ்சு பெரிசு என்றும் சொல்வார்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து வெளியூர்ப் பறவைகளைப் பார்க்கலாம். நாரையும் கூழைக்கடாவும் கூட்டில் இருப்பதைக் கோடை வரை பார்க்கலாம். எடுத்த படத்தைக் கணினியில் பூட்டி வைக்காதீர்கள். நம் மாவட்டக் குளங்களில் 2011 முதல் ஜனவரிதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாடு முழுவதும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு உண்டு. சந்தேகமான பறவையை அடையாளம் காண உங்கள் படம் உதவும். அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊர்க் குளத்துக்கு ஒரு நோட்டும் கேமராவும் எடுத்துக்கொண்டு போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.