காய்ந்த ஊர்ல ஒரு ஈரப் பெட்டி

சிவகாசியிலிருந்து பேசுறேன். லெப்பர்ட் கெக்கோ வளர்க்கிறவங்க என்கிட்ட அதிகமா கேட்கிற கேள்வி இதுதான்: "எங்க கெக்கோ தனியாத்தான் இருக்கு, கூட ஆண் கிடையாது. ஆனா வயிறு பெருசாகுது, சாப்பிட மாட்டேங்குது. என்ன ஆச்சு?" இன்னைக்கு அதைப் பத்தி மட்டும் பேசலாம்.

கோழியை நினைச்சுக்கோங்க. சேவல் இல்லாமலே முட்டை போடுதுல்ல? பெண் கெக்கோவும் அப்படிப் போடலாம். எல்லாப் பெண்ணும் போடும்னு இல்ல. சிலதுக்குக் கருமுட்டை உருவாகி, உடம்புக்குள்ளேயே மறுபடி கரைஞ்சிடும். கண்ணாடி மாதிரி தெரியிற டப்பாவில் விட்டு, கீழேயிருந்து வயிற்றைப் பாருங்க. தோலுக்கு அடியில் இளஞ்சிவப்பா ரெண்டு வட்டம் தெரிஞ்சா, அது கருமுட்டை. இந்தச் சமயத்தில் சில நாள், சில சமயம் ரெண்டு வாரம்கூட சாப்பாடு குறையும். பயப்படாதீங்க. ஆனா சமையல் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்க. எடை மளமளன்னு இறங்கினா அது வேற பிரச்சினை.

வீட்டில் பெரியவங்க உடனே ஒண்ணு கேட்பாங்க: "சுவத்துப் பல்லிக்கு யாருப்பா பிரசவம் பார்க்கிறா?" நியாயமான கேள்விதான். ஆனா சுவத்துப் பல்லி முட்டைக்கு ஓடு கெட்டி. காய்ஞ்ச சுவர் இடுக்கிலும் தாங்கும். லெப்பர்ட் கெக்கோ முட்டை தோல் மாதிரி மெத்துனு இருக்கும், காய்ஞ்சா சுருங்கிடும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட பூமிதான் அதோட சொந்த ஊர். அங்கேயும் அது ஈரம் இருக்கிற மண்ணைத் தேடித்தான் முட்டை போடும். அந்த இடம் கிடைக்கலைனா முட்டையை வயித்துக்குள்ளேயே அடக்கி வைக்கும். அப்படி முட்டை அடைச்சுக்கிட்டா உயிரே போகலாம்.

இங்கதான் நம்ம ஊர் குறுக்கே வருது. 1920கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. அந்தத் தொழிலும், பின்னால வந்த பட்டாசும் இங்க நிலைச்சதுக்கு இந்த வெயிலும் வறட்சியும் ஒரு காரணம். மருந்து காயறதுக்கு நல்லதா இருக்கிற அதே காத்து, கெக்கோ தொட்டியையும் காய வைச்சிடும்.

அதனால ஒரு ஈரப் பெட்டி வேணும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கத்தில் கெக்கோ நுழையற அளவு ஓட்டை வெட்டி, விளிம்பைத் தேய்ச்சு மழுக்குங்க. உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள், நர்சரியில் கோகோபீட்னு கேட்டா கொடுப்பாங்க. உரம் கலக்காததா பார்த்து வாங்குங்க. நனைச்சுக் கையில் பிழிஞ்சா தண்ணி ஒழுகக்கூடாது, ஆனா உருண்டை உடையாம நிக்கணும். தினமும் தொட்டுப் பாருங்க. ஏசி ஓடுற ரூம்னா இன்னும் சீக்கிரம் காயும்.

அடுத்தது கால்சியம். முட்டை ஓட்டுக்கு வேண்டியது சாப்பாட்டில் கிடைக்கலைனா, அவ எலும்பிலிருந்து போகும். அதனால ஊர்வனவுக்கான கால்சியம் பொடியை ஒரு சின்ன மூடியில் எப்பவும் வையுங்க, பூச்சியிலும் தடவிக் கொடுங்க. வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், வாயைப் பொசுக்கிடும். வீட்டில் பிடிச்ச கரப்பானும் வேண்டாம், அது எந்த மருந்தைத் தின்னுட்டு வந்ததோ தெரியாது.

மே மாசம் நம்ம மதியம் 40 டிகிரியைத் தொடும். அப்போ தொட்டியை வீட்லேயே குளுமையான ரூமில், தரையோட வையுங்க. சூடேத்துற பேடு தெர்மோஸ்டாட் இல்லாம ஓடக்கூடாது. தீபாவளி நேரம்னா ஜன்னலை விட்டுத் தள்ளி உள் ரூமுக்கு மாத்திட்டு, அடியில் மடிச்ச துண்டு போடுங்க. அதிர்வு குறையும்.

இப்போ ரொம்ப முக்கியமானது. முட்டை போடற நாள் நெருங்கினா மண்ணைத் தோண்டிக்கிட்டே இருப்பா, அது இயல்பு. ஆனா நாள்கணக்கில் தோண்டியும் முட்டை வரலையா? ஒண்ணு போட்டுட்டு இன்னொண்ணு வயித்திலேயே தெரியுதா? கண் குழி விழுந்து, சோர்ந்து கிடக்கிறாளா? முக்கிக்கிட்டே இருக்கிறாளா? இதில் எது இருந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். வயித்தை அமுக்கி எடுக்கப் பார்க்காதீங்க, முட்டை உள்ளேயே உடைஞ்சிடும்.

ஆடு மாடு பார்க்கிற டாக்டர் எல்லாரும் ஊர்வன பார்த்திருக்க மாட்டாங்க, அது அவங்க குற்றம் இல்ல. அதனால வயித்தில் வட்டம் தெரிஞ்ச அன்னைக்கே போனை எடுங்க. மதுரையில் விசாரிங்க. திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கேயும் ஊர்வன பார்ப்பாங்களானு கேட்டு வையுங்க. ராத்திரி பதினொரு மணிக்குத் தேட ஆரம்பிச்சா நேரம் பத்தாது.

முட்டை போட்டதும் வயிறு ஒட்டிப் போயிருக்கும். தண்ணி, கால்சியம், நல்லாத் தின்ன பூச்சி கொடுத்து, தொந்தரவு பண்ணாம விடுங்க. ஆண் கூடச் சேராதவனா அந்த முட்டை பொரியாது, எடுத்துப் போட்டுடலாம். சில வாரத்தில் அடுத்த ஜோடி வரலாம், அதனால ஈரப் பெட்டியை எடுத்துடாதீங்க.

முட்டையை எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. நீங்க முதல்ல அவளை எடை போடுங்க.