குறைத்துக் கொடுத்த பாடம்

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி நரிக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 நெருங்கினால் இந்த வட்டாரத்துச் சுவர்களில் நாம் எழுதும் முதல் சொல் 'கற்பி'. எதைக் கற்பிப்பது? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். உதவித்தொகை, விடுதிச் சோறு, ஆசிரியர் காலியிடம் ஆகியவற்றுக்கான போராட்டம் தொடர்கிறது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு பாடத்தின் மீதும் திரும்ப வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாதிக்கு முழுப் புத்தகம். மறுபாதிக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைத்து மெலிந்த கையேடு ஒன்றைக் கொடுப்பார்கள். 35 மதிப்பெண்ணுக்கு எந்த வினாக்கள் போதும், வரைபடத்தில் எந்த இடங்களைக் குறித்தால் போதும் என்று அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் எந்தத் தெருப் பிள்ளைகள் அதிகம் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு பெண் பிள்ளை தக்காணப் பீடபூமியை வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பாள். பீடபூமி என்றால் என்னம்மா என்று கேட்டோம். "அது கையேட்டுல இல்லக்கா" என்றாள். அவள் மெல்லக் கற்பவள் இல்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னவள்.

பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டில் மாநிலத்தின் முதலிடத்தைப் பல ஆண்டுகள் பிடித்த மாவட்டம் விருதுநகர். 2018இல் நிதி ஆயோக் நாடு முழுவதும் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பெயரிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டு. ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று இதே விருதுநகர். இரண்டு செய்தியும் உண்மைதான். தேர்ச்சிக்கும் அறிவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பதை இந்த மாவட்டத்தில் வசிப்பவர்கள் வெளியில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தக் குறைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1953இல் சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளை படிக்கும் நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். கட்டடமும் ஆசிரியரும் போதாது, இப்படிச் செய்தால் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் 'குலக்கல்வி' என்று அழைத்த நாளிலேயே அதன் முகம் வெளிப்பட்டுவிட்டது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று அதில் இருக்கிறது. அந்தத் திட்டம் யாரையும் பள்ளிக்கு வராதே என்று சொல்லவில்லை. வா, கொஞ்சம் படி, போதும் என்றது. சேர்க்கையைக் கூட்டி, பாடத்தைக் குறைக்கும் வழி அது. குலக்கல்வி செத்துவிட்டது என்று மேடையில் பேசும் நண்பர்கள் 35 மதிப்பெண் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

காமராசர் படித்தது விருதுநகர் சத்திரிய வித்யாசாலாவில். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து நாடார் சமூகத்தார் நடத்திய பள்ளி. கோயிலுக்குள் விடமாட்டோம் என்று கமுதியில் வழக்கு, 1899இல் சிவகாசியில் கொள்ளை என்று அடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் அரிசி சேர்த்தது பனை ஏறக் கற்றுக்கொடுக்க அல்ல. ஊரில் மற்றவர் படித்த புத்தகம் தம் பிள்ளைக்கும் வேண்டும் என்றுதான். (அந்தப் பள்ளிகளும் கடைகளும் பிறகு நம்மை எப்படி நடத்தின என்பது தனிச் சொற்பொழிவுக்கான பொருள்.)

இத்தாலியில் கிராம்சி இதே கேள்வியோடு மல்லுக்கட்டினார். 1923இல் முசோலினியின் கல்வி அமைச்சர் ஜென்டிலே கொண்டுவந்த சீர்திருத்தத்தை அவர் சிறையிலிருந்து விமர்சித்தார். ஏழைப் பிள்ளைக்குத் தொழிற்பள்ளி என்பது பார்ப்பதற்கு ஜனநாயகம் போல இருக்கும், உண்மையில் அவன் பிறந்த இடத்திலேயே அவனை நிரந்தரமாக்கும் என்பது அவர் வாதம். கடினமான பாடத்தை எளிதாக்கிவிடாதே, அந்தக் கடினத்தைத் தாங்கும் பயிற்சியை உழைப்பாளியின் பிள்ளைக்கும் கொடு என்றார். சமூகவியல் வகுப்பில் கிராம்சியின் மேலாண்மைக் கோட்பாட்டை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இந்தப் பகுதியையும் தேடிப் படிக்க வேண்டும்.

"தகவல் எதற்கு, அலைபேசியில் இருக்கிறது, வாசிக்கும் திறனைக் கொடுத்தால் போதும்" என்று இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. 1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மஞ்சுவிரட்டு பற்றிய பத்தியைக் கொடுத்தால் நம் பையன் யாருக்கும் சளைக்கமாட்டான். வங்கியைப் பற்றி, நாடாளுமன்றத்தைப் பற்றி, செல்லைப் பற்றிக் கொடுத்தால் தடுமாறுவான். எழுத்துக் கூட்டத் தெரியாததால் அல்ல. அந்தப் பொருள் வீட்டில் பேசப்படாததால். படித்த வீட்டுப் பிள்ளைக்கு அதில் பாதி சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. நம் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பள்ளி. அங்கே பாடத்தைக் குறைத்தால் யாருக்குக் குறைகிறது?

2007 வாக்கில் அரசுப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தபோது பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் கூடவே உட்கார்ந்தார். சேரிப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் அல்ல. பிரம்பு போனதும், பயம் போனதும் நல்லது. நாங்கள் அதற்கு எதிரி இல்லை. செயல்பாட்டுக்குள் பொருள் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறோம். அதேபோல, தடித்த புத்தகம் கொடுத்துவிட்டால் அறிவு வந்துவிடாது. நூறு தகவலைக் கொட்டிவைப்பது வேறு, மூன்றாம் வகுப்பில் சொன்னதன் மேல் ஐந்தாம் வகுப்பும் அதன் மேல் எட்டாம் வகுப்பும் நிற்பது வேறு.

நம் தோழர்களிடமிருந்தே ஒரு மறுப்பு வரும். அது யாருடைய அறிவு? பாடப்புத்தகம் அவர்கள் எழுதியது, நம் பாட்டன் அறிவு அதில் எங்கே? நியாயமான கேள்விதான். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் இம்மானுவேல் சேகரனும் பெட்டிச் செய்தியாக அல்லாமல் பாடமாக வர வேண்டும். 1892 அரசாணையும் பஞ்சமி நிலமும் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்காக நியூட்டனை வெளியேற்ற வேண்டியதில்லை. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கருக்குச் சமஸ்கிருதம் கற்றுத்தர மறுத்தார்கள், அவர் பாரசீகம் படித்தார். அது அவர்கள் மொழி, எனக்கு எதற்கு என்று அவர் விட்டுவிடவில்லை. பின்னால் தானாகவே கற்றுக்கொண்டு, அவர்கள் நூல்களுக்குள்ளேயே புகுந்து சூத்திரர்கள் யார் என்று 1946இல் கேட்டார். மறுக்கப்பட்ட பாடத்தைத் தேடிப் போய் எடுத்தவர் அவர்.

குறைப்பவர்களுக்கும் இது தெரியும். பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லித்தான் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமத்தையும் தனிம வரிசை அட்டவணையையும் எடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியலில் மக்கள் இயக்கங்கள் பற்றிய அத்தியாயமும் போனது. தலித் பேந்தர்கள் இருந்தது அதில்தான்.

சரி, செறிவான பாடம் எப்படி இருக்கும்? நம் கண்மாயையே எடுத்துக்கொள்வோம். மடை, கலுங்கு, கரை என்ற சொற்கள் பிள்ளைக்கு வீட்டிலேயே தெரியும். பள்ளி அங்கிருந்து மேலே போக வேண்டும். ஐந்தாம் வகுப்பில், குண்டாறும் கிருதுமால் நதியும் ஆண்டில் பெரும்பகுதி ஏன் மணலாகக் கிடக்கின்றன, வடகிழக்குப் பருவமழை என்றால் என்ன. எட்டாம் வகுப்பில், ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும், ஆகவேதான் கரையின் அடி அகலமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில், இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்கள், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம், அதற்குப் பிறகும் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர் பெயரில் நஞ்சை ஏன் வரவில்லை என்ற கேள்வி. பத்தாம் வகுப்பில் சீமைக் கருவேலம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், 2017இல் உயர் நீதிமன்றம் அகற்றச் சொன்ன மரம், நம் வீடுகளில் பலருக்குச் சோறு போடும் மரமும் அதுதான். கரி மூட்டத்தில் எந்த ஓட்டையை எப்போது மண் பூசி அடைக்க வேண்டும் என்று பையனுக்குத் தெரியும். காற்றுக் குறைந்தால் விறகு சாம்பலாகாமல் கரியாக ஏன் நிற்கிறது, அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு தன் அப்பாவின் இரத்தத்தில் என்ன செய்கிறது என்பதைப் பள்ளிதான் சொல்ல வேண்டும். மூட்டம் போடப் பழக்குவது 1953. மூட்டத்தின் வேதியியலைக் கற்பிப்பது நாங்கள் கேட்பது.

இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அதில் பாதிப்பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போகும் நம் அம்மாக்கள் கழிப்பறை, குடிநீரோடு இன்னொன்றையும் கேட்கலாம். இந்த மாதம் எந்தெந்தப் பாடம் நடந்தது, எது விடப்பட்டது, யாருக்கு விடப்பட்டது? எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். கையேடு கொடுத்தால் வாங்கிக்கொள்ளட்டும், தேர்ச்சியும் வேண்டும்தான். புத்தகத்தைப் பறிக்க மட்டும் விடாதீர்கள்.

சனிக்கிழமை மாலை வகுப்பில் கையேடு இல்லாமல் முழுப் பாடத்தையும் வரிவரியாகப் படிக்க முடிவு செய்திருக்கிறோம். கல்லூரி மாணவர்கள் வந்து உதவ வேண்டும். வரும்போது ஆளுக்கொரு எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் கொண்டுவாருங்கள். விசையும் அழுத்தமும் பாடத்திலிருந்து தொடங்குகிறோம், இடம் கண்மாய்க் கரை.

ஜெய்பீம்.