இரண்டாவது அம்பு: பதின்ம வயதுக்குப் புத்தர் சொன்னவை
மேற்பிரிவு மாணவியர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



நம் சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டி, பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். அதைப் புத்தரின் போதனை வழியாகப் பேசலாம் என்று எண்ணினோம். "நாங்கள் சைவப் பிள்ளைகள், வேதப் பிள்ளைகள், இஸ்லாமியப் பிள்ளைகள். எங்களுக்கு எதற்கு இது?" என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழலாம். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

பதுளை நகரின் நடுவே இருக்கும் முதியங்கனை விகாரை இலங்கையின் 16 புனிதத் தலங்களுள் ஒன்று. நமுனுகுல மலையின் அதிபதியான இந்தகன் அழைத்ததால், புத்தர் தம் மூன்றாவது இலங்கை வருகையின்போது இங்கு வந்தார் என்பது ஐதீகம். தோட்டத்தில் காலையில் கதவைத் திறந்தால் தெரியும் அதே நமுனுகுலதான். போயா தினத்தில் பிரித் ஓதும் சத்தம் கேட்டு, வெசாக் கூடு பார்த்து, தன்சலில் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த வாசலுக்கு உள்ளே என்ன சொல்லப்பட்டது என்று கேட்டவர்கள் நம்மில் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. 1983 ஜூலையில் பதுளையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்ததைப் பார்த்த பெற்றோரின் பிள்ளைகள் நாங்கள். கொடியும் ஒலிபெருக்கியும் அச்சத்தைத் தந்த காலம் எங்களுக்கு உண்டு. ஆனால் போதனை வேறு, அதைச் சுற்றி நடக்கும் அரசியல் வேறு. ஒரு மருந்து நல்லதா என்று பார்க்கிறவர்கள், அது எந்தத் தெருக் கடையில் விற்கப்படுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

இன்னொன்று, இது தமிழுக்கு அந்நியமான போதனையும் அல்ல. ஐம்பெருங்காப்பியங்களில் மணிமேகலையும் குண்டலகேசியும் பௌத்தக் காப்பியங்கள். வீரசோழியம் என்ற இலக்கணத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். மணிமேகலையின் கதைத் தலைவி யார்? உங்கள் வயதுப் பெண். ஆடல்மகள் மாதவியின் மகள் என்று ஊர் அவளுக்கு ஒரு பெயர் ஒட்டிவைத்திருந்தது. விருப்பமில்லை என்றாலும் அரசகுமாரன் உதயகுமரன் அவளைப் பின்தொடர்ந்தான். அவள் மணிபல்லவத்துக்குப் போய் அமுதசுரபியோடு திரும்பிவந்து பசித்தவர்களுக்குச் சோறிட்டாள், சிறைச்சாலையை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். அந்த மணிபல்லவம் நம் நயினாதீவுதான் என்று கொள்வோர் பலர். தாயின் தொழிலை வைத்துத் தன்னை அளந்த ஊருக்கு அவள் தன் செயலால் பதில் சொன்னாள். "தோட்டத்துப் பிள்ளைதானே" என்ற சொல்லை பஸ்ஸிலோ டியூசன் வகுப்பிலோ கேட்ட தங்கைமார் இந்த இடத்தை நினைவில் வைத்திருங்கள். பிறப்பால் எவரும் இழிந்தவர் ஆவதில்லை, செயலால்தான் ஆகிறார் என்பது புத்தர் வசல சூத்திரத்தில் சொன்ன கருத்து.

இனி விடயத்துக்கு வருவோம்.

சங்யுத்த நிகாயத்தில் அம்பைப் பற்றிய ஒரு சிறிய சூத்திரம் இருக்கிறது. ஒருவனை ஓர் அம்பு தைக்கிறது. உடம்பு வலிக்கிறது. அவன் புலம்பி, நொந்து, கலங்கி, மனத்திலும் ஒரு வலியைச் சேர்த்துக்கொள்கிறான். இரண்டாவது அம்பும் தைத்தது போல ஆகிவிடுகிறது. பயிற்சி உள்ளவனையும் முதல் அம்பு தைக்கத்தான் செய்யும், அவனுக்கும் வலிக்கும். ஆனால் இரண்டாவது அம்பு அவனுக்கு இல்லை. இவ்வளவுதான் கதை.

சாதாரண தரப் பெறுபேறு வருகிறது. ஒரு பிள்ளைக்குக் கணிதத்தில் சித்தி இல்லை. அது முதல் அம்பு. அது வலிக்கும். "வலிக்காது, யோசிக்காதே" என்று சொல்வது பொய். பிறகு பொழுது சாய்கிறது. "நான் ஒன்றுக்கும் உதவாதவள். அம்மா மலையேறிக் கொழுந்து பறித்த காசெல்லாம் வீண். டியூசனில் எல்லாரும் சிரிப்பார்கள். இனி எந்த முகத்தோடு வெளியே போவது?" இந்த நான்கும் பரீட்சைத் திணைக்களம் எய்தவை அல்ல. அந்தப் பிள்ளை மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையில் தானே எய்துகொண்டவை. கணிதத்தை மறுபடி எழுதலாம். ஆனால் இரண்டாவது அம்பு அப்படி யோசிக்க விடாது.

இது ஏன் உங்கள் வயதில் கூடுதலாக நடக்கிறது? வைத்தியர்களாகிய நாங்கள் சொல்லக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. மூளையில் உணர்ச்சியை எழுப்பும் பகுதிகள் பதின்ம வயதில் வேகமாக விழித்துக்கொள்கின்றன. நிதானித்து, விளைவை எண்ணிப் பார்க்கும் முன்மூளை முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். வாகனம் புதியது, பிறேக் இன்னும் பூட்டி முடியவில்லை. அதனால் கோபமும் அவமானமும் உங்களுக்குப் பெரிதாகத் தெரிவது குணக்கேடு அல்ல, வயது.

ஆனால் எழுந்த அலை இறங்கும். புத்தர் இதை அநித்தியம் என்றார். எதுவும் நிலைத்திருப்பதில்லை, இந்த இரவின் வலியும்கூட. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அது 1995 அளவில் உச்சத்தில் இருந்தது. அதன்பின் கொடிய விவசாய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த 20 ஆண்டுகளில் அந்த வீதம் 70 வீதத்துக்கும் மேல் குறைந்தது. மக்களின் கவலைகள் அத்தனை குறைந்துவிட்டனவா? இல்லை. யுத்தமும் வறுமையும் கடனும் இருந்தன. அந்தக் கொடிய நிமிடத்தில் உயிரைப் பறிக்கும் பொருள் கைக்கு எட்டவில்லை, நிமிடம் கடந்தது, மனிதர் பிழைத்துக்கொண்டார். அப்படிப் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன்பின் வாழ்ந்தார்கள். மனத்தின் புயல் கடந்துபோகும் என்பது மருத்துவம் கண்ட உண்மையும்தான்.

ஆகவே தங்கைமாரே, அலை உயரத்தில் இருக்கும்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். மூச்சைக் கவனிப்பது புத்தர் கற்பித்த பயிற்சி. அதற்கு விகாரையும் வேண்டாம், மதம் மாறவும் வேண்டாம். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பத்து முறை எண்ணுங்கள். பிறகு ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஆளில்லை என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் மருந்தையும் நஞ்சையும் பூட்டி வையுங்கள். பிள்ளை "செத்துப்போகலாம் போல் இருக்கிறது" என்று சொன்னால் அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள், வைத்தியசாலைக்கு அழைத்து வாருங்கள்.

"ஒருவரிடம் சொல்லுங்கள்" என்றோம். கிசாகோதமியின் கதையை நினைத்துப் பாருங்கள். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த தாயிடம், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவா என்றார் புத்தர். அப்படி ஒரு வீடும் இல்லை என்று அவள் கண்டாள். எல்லாரும் சாவார்கள் என்பதே இதன் பாடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. அவள் குணமானது வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியதால். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் தம் துக்கத்தை அவளிடம் சொன்னார். தனியாகச் சுமந்தது பொதுச் சுமையானது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன் வீடுகளை மூடிக்கொண்டபோது ஊவாத் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்துதான் அழுதன. லயத்தில் நம் கதவுகள் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கின்றன. அது நெருக்கடிதான். ஆனால் தட்டுவதற்குக் கதவு பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்தது கைத்தொலைபேசி. புத்தர் தம் சிறுவயது மகன் ராகுலனிடம் கேட்டார்: "கண்ணாடி எதற்கு?" "பார்ப்பதற்கு" என்றான் மகன். அதுபோல ஒவ்வொரு செயலையும் செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் என்று மூன்று தடவை பார்த்துக்கொள் என்றார். இது எனக்குத் தீங்கு செய்யுமா, பிறருக்குச் செய்யுமா, இருவருக்கும் செய்யுமா? வட்ஸ்அப்பில் ஒரு தோழியைப் பற்றிய ஸ்கிரீன்ஷொட் வருகிறது. அனுப்புமுன் கேளுங்கள். பாதி தட்டியபின் உறைத்தால் நிறுத்துங்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால், ராகுலனுக்குச் சொன்னதுபோல, அதை ஒரு பெரியவரிடம் சொல்லி இனி செய்வதில்லை என்று உறுதிகொள்ளுங்கள். படம் அனுப்பு என்று ஒருவன் வற்புறுத்துகிறான் என்றாலும் இதே மூன்று கேள்விகள்தான். அன்புள்ளவன் அந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டான்.

யார் நண்பர் என்பதற்கும் சிகாலோவாத சூத்திரத்தில் விடை உண்டு. எடுத்துக்கொண்டே இருப்பவர், வாயால் மட்டும் உதவுபவர், முகத்துக்கு முன் புகழ்பவர், கெட்டுப்போகத் துணை வருபவர் ஆகிய நால்வரும் நண்பரைப் போல் தெரிபவர்கள் மட்டுமே. உதவுபவர், இன்பத்திலும் துன்பத்திலும் மாறாதவர், நல்லது சொல்பவர், நமக்காக இரங்குபவர், இந்த நால்வரே நண்பர்கள். ஒரு கொப்பித் தாளில் உங்கள் வகுப்புத் தோழியரை எண்ணிப் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பி, நீங்கள் எந்தப் பக்கம் என்றும் எண்ணிப் பாருங்கள்.

அதே சூத்திரத்தில் இன்னொரு செய்தி உண்டு. கடமை ஒரு பக்கம் மட்டும் இல்லை. பிள்ளைக்குக் கடமை சொன்ன அதே வாயால் பெற்றோருக்கும், மாணவருக்குச் சொன்னபடியே ஆசிரியருக்கும் சொன்னார் புத்தர். வேலை வாங்குபவர் ஆளின் சக்திக்கேற்ற வேலை கொடுக்க வேண்டும், உணவும் கூலியும் தர வேண்டும், நோயில் பார்க்க வேண்டும், நேரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். பிரட்டுக்களத்தில் நின்ற நம் தாய்மாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், பொறுமை என்ற பெயரில் பெண்பிள்ளைகளை அடக்கிவைக்கப் போதனையைப் பயன்படுத்துவோர் உண்டு. பஸ்ஸில் ஒருவன் உரசினால், வீட்டில் ஒருவர் தவறாகத் தொட்டால், படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் பார்த்தால், அது நீங்கள் சகித்துக்கொள்ள வேண்டிய அம்பு அல்ல. எய்பவரைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆசிரியரிடம் சொல்லுங்கள், சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள். "என்னால்தான் இப்படி நடந்தது" என்று உங்களை நீங்களே குற்றம் சொல்வதே அங்கு இரண்டாவது அம்பு. அதை மட்டும் எய்யாதீர்கள்.

கடைசியாக உடம்பு. சித்தார்த்தர் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமானார். அது வழியல்ல என்று கண்டு சுஜாதை கொடுத்த பாற்சோற்றை உண்டார். நடுவழி அங்கேதான் தொடங்குகிறது. மெலிய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விடும் பிள்ளையும், வீட்டில் இல்லாததால் வெறும் தேத்தண்ணீரோடு வரும் பிள்ளையும் பத்து மணிக்கு ஒரேமாதிரித்தான் வாடுகிறார்கள். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். கீரை, பருப்பு, நெத்தலி சேர்த்துக்கொள்ளுங்கள், கொய்யாவோ தேசிக்காய்ச் சாறோ கூடவே இருந்தால் அந்தச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் அது குறையும். தேயிலை நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எட்டு மணி நேரமாவது தூங்குங்கள். இரத்தசோகையும் தூக்கமின்மையும் உள்ள உடம்பில் சிறிய அம்பும் ஆழமாகத் தைக்கும்.

இந்த மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருந்து வாசிக்கப்போகும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. கட்டடத்துக்கும் கணினிக்கும் நாம் கொடுத்தோம், இனியும் கொடுப்போம். ஆனால் கிசாகோதமிக்குத் தேவைப்பட்டது திறக்கிற கதவு. பெறுபேறு வரும் வாரத்தில் நம்மில் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்கு அழைப்பு எடுத்து, பாடசாலையின் அனுமதியோடும் பெற்றோரின் அறிவோடும், "எப்படி இருக்கிறாய் மகள்?" என்று கேட்கலாம். அறிவுரை வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். நூறு ஆண்டுச் சங்கம் ஒன்றில் திறக்கக் கூடிய கதவுகள் எத்தனை இருக்கும்! இந்த ஆண்டே அந்தப் பட்டியலைத் தொடங்குவோம். முதல் பெயர்களாக எங்கள் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.