புற்றுநோயும் தேகக் காவற்படையும்

(சிங்கவரத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



"எதிர்ப்புச் சக்தியை ஏற்றினால் புற்றுநோய் கரைந்துபோம்" என்று சொல்லிச் சூரணமும் லேகியமும் விற்போர் நம் ஊர்களில் மலிந்துள்ளனர். அச்சொல் மெய்தானா என்பதையே யாம் இன்று ஆராயப் புகுந்தோம்.

ரங்கநாதர் பள்ளிகொண்ட இக்குன்றுக்கு அடுத்துள்ள செஞ்சிக் கோட்டையை மொகலாயர் சேனை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. இத்தனை காலம் தாமதித்ததற்கு, அச்சேனையின் தளபதி ஜுல்பிகார்கான் உள்ளிருந்த இராஜாராமுடன் இரகசியமாய்ப் பேசிவந்ததும் ஒரு காரணமென்பர் சரித்திரக்காரர். தடை தன் பக்கத்திலேயே இருந்தது.

தேகத்திலும் இவ்வாறே. இரத்தத்தின் வெள்ளணுக்களுள் டி அணுக்கள் என்பவை கெட்ட அணுக்களைக் கொல்லும் படையாம். அப்படை சொந்தத் தேகத்தையே தாக்காவண்ணம் அடக்கிவைக்கும் வேறுவகை டி அணுக்களும் உண்டென ஜப்பானியப் பண்டிதர் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் விளக்கினார். ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணு பழுதுற்றால் தேகமே தேகத்தைத் தாக்கும் வியாதி பிறக்கும் என்பதை அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெல்லும் 2001-ல் கண்டனர். அடக்கும் அணுக்களை ஆக்குவது அம்மரபணுவே என்பது 2003-ல் தெளிந்தது. மூவருக்கும் 2025-ல் நோபெல் பரிசு கிடைத்தது.

பல புற்றுக்கட்டிகள் இவ்வடக்கும் அணுக்களைத் தம்பால் இழுத்துச் சூழ நிறுத்திக்கொள்கின்றன. அதனால் படையிருந்தும் போரில்லை. சக்தியை ஏற்றுவதால் மாத்திரம் பயன் என்ன? கடிவாளத்தையன்றோ தளர்த்தவேண்டும்!

டி அணுக்களின் கடிவாளமொன்றைத் தளர்த்தும் இபிலிமுமாப் என்னும் மருந்து 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒருவகை இரத்தப் புற்றுக்கு ஜப்பானில் 2012-ல் அனுமதி பெற்ற மொகமுலிசுமாப், அடக்கும் அணுக்களையும் குறைப்பதால், வேறு புற்றுகளிலும் பரீட்சிக்கப்பட்டது. ஆயினும் தேகமெங்கும் கடிவாளம் தளர்ந்தால் குடலும் ஈரலும் தோலும் தாக்குண்ணும். ஆகவே கட்டிக்குள் நிற்கும் அடக்கணுக்களை மட்டும் விலக்கும் வழியையே நிபுணர்கள் தேடி வருகின்றனர். அது இன்னும் பெரும்பாலும் பரீட்சையிலேயே உளது.

இத்துணை நுட்பமான காரியத்தை ஒரு லேகியம் செய்துமுடிக்கும் என நம்பலாகுமோ? நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் புற்று வளர்ந்துவிடும். முதலிலேயே கண்டால் தீரக்கூடியதும் தீராததாகும்.

ஆதலின் ஆறாத புண், கரையாத கட்டி, காரணமற்ற இரத்தப்போக்கு இவற்றைக் கண்டவுடன் முண்டியம்பாக்கம் அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் சென்னையில் உளது. ஏழை நோயாளி அங்குச் சென்று வரும் செலவை நம் சங்கம் ஏற்கவேண்டுமென்று கேட்டுக்கொண்டு, இதனை முடிக்கின்றோம்.