வடிகட்டிய நீரும் வால்பாறை ஓடையும்

(விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சமண இல்லத்தின் அறம் சமையலறையில் தொடங்குகிறது. குடத்தின் வாயில் தூய துணியை இரட்டையாக மடித்துக் கட்டி, நீரை வடித்த பின்னரே அருந்துவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். இதனை அயலாரும் அறிவர். அவர்களுள் பலர் அறியாதது இவ்வழக்கத்தின் பிற்பகுதி. துணியில் தங்கிய நுண்ணுயிர்களைத் தரையில் உதறிவிடுதல் தகாது. வடித்த நீரையே சிறிது ஊற்றி அவற்றைக் கழுவி, எந்தக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கப்பட்டதோ அந்தக் கிணற்றிலேயே மெல்ல இறக்கிவிட வேண்டும். இதற்கு ஜீவாணி என்று பெயர். ஒரு கிணற்றின் உயிரை மற்றொரு கிணற்றில் விடுவதைக்கூட முன்னோர் விரும்பவில்லை. நீர் மாறினால் அவ்வுயிர் மடியும் என்று அஞ்சினர்.

குழாய் வந்தது. வடிகட்டுதல் எஞ்சியது, ஜீவாணி மறைந்தது. திருப்பியனுப்புவதற்குக் கண்ணெதிரே கிணறு இல்லை. பொள்ளாச்சியில் ஒரு தாய் குழாயைத் திறந்தால் வருவது அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றிலிருந்து எடுக்கப்படும் நீர். அந்நீரைத் திருப்பித் தர வேண்டிய கிணறு எது என்று வினவினால், விடையைத் தேடி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏற வேண்டியிருக்கும்.

பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தைக் கொங்கு நாட்டார்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எனினும் அதன் தலைப்பகுதியை நேரில் கண்டோர் சிலரே. சின்னக்கல்லாற்றில் மேல் நீராறு தடுக்கப்பட்டு, அந்நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே சோலையாறு அணைக்குச் செல்கிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், பின்னர்த் தூணக்கடவு, பின்னர்ச் சர்க்கார்பதி மின்நிலையம். அங்கே ஒரு கிளை ஆழியாற்றிற்கும் மற்றொன்று திருமூர்த்தி அணைக்கும் பிரிகின்றன. தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட உடன்பாடு 1970ஆம் ஆண்டு கையெழுத்தாயிற்று. 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. நான்கு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பாசனப் பரப்பு இத்திட்டத்தை நம்பியுள்ளது. அணைகளைப் பற்றியும் கால்வாய்களைப் பற்றியும் முறைப்பாசனத்தைப் பற்றியும் அறுபது ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அணைக்கு மேலே மழை விழும் நிலத்தைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

அந்நிலத்தின் கதை மகிழ்ச்சியானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலையின் மேல் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வால்பாறைப் பீடபூமியில் மழைக்காடு வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும், அவ்விடத்தில் தேயிலையும் காப்பியும் வந்தன. சமவெளியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர் அங்கே பட்ட துன்பத்தை, தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் நாவலாகவே எழுதி வைத்தார். ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் அது தமிழில் கிடைக்கிறது. மரத்தின் துன்பமும் மனிதரின் துன்பமும் அங்கே ஒரே கோடரியிலிருந்து வந்தவை. தேயிலைப் பரப்பின் நடுவே, தீவுகள் போல, ஏறத்தாழ நாற்பது மழைக்காட்டுத் துண்டுகள் மட்டும் எஞ்சின. சுற்றிலும் இருந்த பெருங்காடு இன்று ஆனைமலைப் புலிகள் காப்பகமாக உள்ளது.

இத்துண்டுக்காடுகளைத்தான் ஒரு சிறு குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேணி வருகிறது. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1996ஆம் ஆண்டு தோன்றிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த அறிவியலாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் வால்பாறையிலேயே தங்கி இப்பணியைத் தொடங்கினர். தோட்ட நிலம் நிறுவனங்களின் கையில் இருப்பதால், பாரி அக்ரோ, டாடா காபி முதலிய நிறுவனங்களின் இசைவைப் பெற்று, உள்ளூர் மக்களின் உழைப்போடு பணி நடந்தது. வழக்கு, முழக்கம், மேடை எதுவும் இல்லை.

அவர்கள் செய்யும் முறையைச் சமணர் ஊன்றிக் கேட்க வேண்டும். காட்டு மரத்தின் விதைகள் சாலை ஓரத்தில் உதிர்ந்து கிடக்கின்றன. அங்கே கிடந்தால் சக்கரத்தில் நசுங்கும், முளைத்தாலும் வெட்டுண்ணும். அவ்விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் பைகளில் வளர்க்கின்றனர். வெடிப்பலா, கருங்குங்கிலியம், வெள்ளகில், நாங்கு என நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும், களை மூடிய துண்டுக்காட்டில் உண்ணிச்செடியைக் கையால் அகற்றி, தானே முளைத்திருக்கும் காட்டுக் கன்றுகளை வெட்டாமல் காத்து, இடைவெளியில் பல இனங்களைக் கலந்து நடுகின்றனர். அதன்பின் சில ஆண்டுகள் களையெடுத்துக் காக்க வேண்டும். நட்ட அன்று நிழற்படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடும் பணியன்று இது.

பயன் உண்டா? 2019ஆம் ஆண்டு வெளியான அவர்களது ஆய்வு, ஏழு முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடப்பட்ட இடங்களையும், அவ்வாறே விடப்பட்ட இடங்களையும், சிதையாத காட்டையும் ஒப்பிட்டது. நட்ட இடங்களில் மரங்களின் அடர்த்தியும் இனங்களின் எண்ணிக்கையும் விடப்பட்ட இடங்களைவிட மிகுந்திருந்தன. ஆயினும் பழைய காட்டின் நிலையை அவை எட்டவில்லை. வெட்டுவதற்கு ஒரு பருவம் போதும்; மீட்பதற்கு ஒரு வாழ்நாள் போதவில்லை.

நீருக்கும் இதற்கும் தொடர்பு யாது? மழைக்காட்டில் பெருமழை நேரே மண்ணை அறைவதில்லை. இலை தாங்குகிறது, கிளை வழியே இறங்குகிறது, சருகுப் படுக்கை உறிஞ்சுகிறது, வேர் திறந்த துளைகளின் வழியே நிலத்தினுள் செல்கிறது. மழை நின்று பல வாரங்கள் சென்ற பின்னும் ஓடை கசிந்துகொண்டிருப்பது இதனால்தான். ஓடைக்கரையில் மரம் போனால் மண் அணைக்குள் இறங்குகிறது. சரிவில் தெளித்த களைக்கொல்லியும் உடன் இறங்குகிறது. அந்த ஓடைநீரை முதலில் அருந்துவோர் அணைக்குக் கீழே உள்ளவர் அல்லர். லைன் வீடுகளில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும், எழ வேண்டும். மண்ணும் நீரும் செடியும் ஓரறிவுயிர் என்பது சமணக் கொள்கை. குழி தோண்டினால் மண்ணுயிர்க்கு ஊறு. களை பறித்தால் செடியுயிர்க்கு ஊறு. அவ்வாறாயின் இது அகிம்சையாகுமா? இவ்வினாவை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. நூல்கள் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுக்கின்றன. வேண்டுமென்றே செய்யும் முதல்வகையை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும். ஏனையவற்றை விழிப்போடு குறைக்க வேண்டும். களை பறிப்பதில் இம்சை இல்லை என்று கூறுவது பொய். களைக்கொல்லியை விடுத்துக் கையால் பறிப்பதும், ஒரு கன்றும் தவறி வெட்டுப்படாமல் பார்ப்பதும் அவ்விழிப்பின் வடிவங்கள். அட்டைகள் நிறைந்த மழைக்காலத்தில் அங்கு செல்வோர்க்கு இச்சோதனை காலிலேயே வரும். உப்பைத் தூவினால் அட்டை உதிரும், இறக்கவும் செய்யும். நகத்தால் மெல்லத் தள்ளினால் உதிர்வது மட்டுமே.

இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்கள் பதினைந்து என உபாசகதசாங்கம் வகுக்கிறது. ஆனந்தன் என்னும் இல்லறத்தான் மகாவீரர் முன் விரதம் ஏற்ற வரலாற்றில் அது வருகிறது. காட்டை அழித்துப் பிழைத்தல், காட்டிற்குத் தீயிடுதல், ஏரி குளங்களை வற்றச்செய்தல் ஆகிய மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. இவற்றுள் முதல் இரண்டும் ஒரே நிலப்பரப்பில் நிகழ்ந்ததற்கு வால்பாறையைவிட வேறு சான்று வேண்டா. வாணிகத்தில் ஈடுபட்ட சமூகத்தார்க்கு இப்பட்டியல் கசக்கும். நொய்யலைச் சாயக்கழிவு கெடுத்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அந்நாளில் துணி வாணிகத்தில் இருந்த எவரும், தாம் விற்ற துணியின் நிறம் எந்த நீரில் கழுவப்பட்டது என்று எண்ணிப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

மலைக்குச் செல்ல இயலாதார்க்கும் பணி உண்டு. கடும் வறட்சி நிலவிய 2017ஆம் ஆண்டு, கோவையில் பேரூர்ப் பெரியகுளத்தில் தன்னார்வலர் சிலர் நெகிழிக் குப்பையைப் பொறுக்கத் தொடங்கினர். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு என்று அது வளர்ந்தது. ஞாயிறுதோறும் மாணவரும் முதியோரும் குடும்பங்களும் கூடி ஒரு குளத்தையும் அதன் வாய்க்காலையும் சீர்செய்வது அவர்கள் வழக்கம். சேவை என்பது ஒருநாள் விழா என்று எண்ணுவோர் அந்த ஞாயிறுகளை எண்ணிப் பார்க்கலாம்.

இறுதியாக, சீவதயை பற்றிய ஒரு செய்தி. வால்பாறைக்குச் சுற்றுலா செல்லும் அன்பர்கள் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்கு ரொட்டியும் பழமும் வழங்குகின்றனர். நோக்கம் நல்லது, விளைவு கொடியது. புதுத்தோட்டத்துச் சோலைமந்திகள் துண்டுக்காட்டில் வாழ்பவை. உணவு நாடிச் சாலைக்கு வந்தால் வண்டியில் அடிபடுகின்றன. அவை தரையிறங்காமல் கடப்பதற்காகச் சாலையின் மேல் மரத்திற்கு மரம் பாலம் கட்டியுள்ளனர். அவற்றின் உண்மையான உணவு வெடிப்பலாவின் பூவும் காயும். அந்த மரமே ஓடையையும் காக்கிறது. கோசாலைக்கும் பறவைகளுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் சீவதயை நிதியில் ஒரு பகுதியை அந்நாற்றங்காலுக்கு அனுப்புவது குறித்து அறக்கட்டளை ஆராய வேண்டும். துறவியர் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசிய மழைக்காலமே அங்கே நடவுக்காலம். இளைஞர் அணியினர் நாற்றுச் சுமக்க விரும்பினால், பெயரைப் பங்குனிக்குள் பதிவு செய்தல் நலம். ஆனியில் மழை இறங்கிவிடும்.